மாமியாரின் மருத்துவக் கோப்பில் முளைத்த புது நோய்

சிகாகோவில் வசிக்கும் வாசகி ஒருவர் மருத்துவரான எனக்கு எழுதிய நீண்ட கடிதத்தை, அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

மதுரைப் பக்கத்திலிருந்து மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றவர் இவர். கணவர் ஆப்பிரிக்க அமெரிக்கர். மாமியாருக்கு 81 வயது. மிசிசிப்பியில் பிறந்து, சிறுமியாக இருக்கும்போதே பெற்றோருடன் ரயிலேறி சிகாகோ வந்து, பள்ளிச் சமையலறையில் 30 ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஆறு ஆண்டுகளாக அல்சைமர் நோய். இடுப்பெலும்பு முறிந்த பிறகு வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல், நகரின் தென்பகுதியில் உள்ள முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் சேர்த்திருக்கிறார்கள். செலவை, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்ட் ஏற்கிறது.

இப்போது அவருக்குப் பேச்சு இல்லை. புரட்டிப் படுக்கவைக்கும்போதும் துணி மாற்றும்போதும் அலறுகிறார். மூர்க்கமாக நடந்துகொள்கிறார் என்று சொல்லி இல்லத்தில் ஒரு மருந்து தொடங்கினார்கள். அதன்பின் பெரும்பாலான நேரம் தூங்கியே கிடக்கிறார். முதுகின் அடியில் படுக்கைப் புண். கண்டுபிடித்தபோதே ஆழமாகிவிட்டிருந்தது. "உறுதியான பெண்மணி, தாங்கிக்கொள்வார்" என்கிறார் நர்ஸ். உடல் எடை இறங்கிக்கொண்டே போகிறது. மருத்துவர் ஹாஸ்பிஸ் என்னும் இறுதிக்காலப் பராமரிப்பு பற்றிப் பேசுகிறார். நாத்தனாரோ, "எங்கள் ஆட்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் விடுவது இவர்களுக்கு வழக்கம்" என்று கொதித்து, வயிற்றில் குழாய் பொருத்தி உணவு செலுத்தச் சொல்கிறார். அவர் சர்க்கரைவள்ளிக் கிழங்கை மசித்து ஊட்டினால் மட்டும் அம்மா நான்கு வாய் வாங்குகிறாராம். இதற்கிடையில் மருத்துவக் கோப்பைப் பார்த்த கணவருக்கு இன்னோர் அதிர்ச்சி. அதில் 'ஸ்கிசோஃப்ரினியா', அதாவது மனச்சிதைவு நோய், என்று எழுதியிருக்கிறது.

வாசகி கேட்பவை இவை: மாமியார் இத்தனை காலம் மனநோயை மறைத்தாரா? நடப்பதெல்லாம் இனப் பாகுபாடா, அங்கே பாதிக்கு மேல் உதவியாளர்கள் கறுப்பினப் பெண்கள்தானே? குழாய் வைத்தால் பிழைப்பாரா? புகார் சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்களா? வேற்று நாட்டிலிருந்து வந்த மருமகள் வாய் திறக்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை ஓரிடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. "புரட்டும்போது அலறுகிறார்" என்ற வரி அது. எல்லாவற்றையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

இடுப்பெலும்பு முறிந்தவர், முதுகின் அடியில் ஆழமான புண் உள்ளவர். அவரை இரண்டு பேர் பிடித்துப் புரட்டினால் வலிக்கும். பேச முடிந்தவர் வலிக்கிறது என்பார். பேச்சு போனவர் அலறுவார், கையைத் தட்டிவிடுவார், சில நேரம் கடிப்பார். அந்த அலறலுக்குக் கோப்பில் என்ன பெயர் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன்பின் வருவது எல்லாம் மாறும். 'வலி' என்று எழுதினால் வலி மருந்து வரும். 'மூர்க்கம்' என்று எழுதினால் அடக்கிவைக்கும் மருந்து வரும். அடக்கும் மருந்து உறக்கத்தைக் கொண்டுவரும். உறங்கிக் கிடப்பவர் சாப்பிட மாட்டார், புரண்டு படுக்க மாட்டார். எடை குறையும், புண் ஆழமாகும். அந்த நிலையில்தான் குழாயா, ஹாஸ்பிஸா என்ற கேள்வி உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. நோய் முற்றியதால் மட்டுமே அவர் சாப்பிடவில்லை என்று இப்போதே யாரும் முடிவு கட்டக் கூடாது. நாத்தனார் ஊட்டினால் நான்கு வாய் வாங்குகிறார் என்பதே எனக்கு அந்தச் சந்தேகத்தை வலுவாக்குகிறது.

அமெரிக்காவில் கறுப்பின முதியவர்களின் வலி குறைவாகப் பதிவாகிறது, குறைவாக மருந்து பெறுகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேர், கறுப்பினத்தவர் உடலைப் பற்றிய பொய் நம்பிக்கை ஒன்றையாவது சரியென்று ஏற்றிருந்தார்கள். கறுப்பினத்தவருக்குத் தோல் தடிமன் என்பது அவற்றில் ஒன்று. "தாங்கிக்கொள்வார்" என்ற சொல் நர்ஸின் வாயில் பாராட்டாகத்தான் வந்திருக்கும். ஆனாலும் அது உங்கள் மாமியாருக்கு வர வேண்டிய மருந்தைத் தடுத்து நிற்கிறது.

பேச முடியாதவரின் வலியை அளக்க 'பெயினாட்' என்ற அளவுகோல் இருக்கிறது. மூச்சு, முனகல், முகம், உடலின் இறுக்கம், தேற்றினால் தேறுகிறாரா ஆகிய ஐந்தையும் பார்த்து 10-க்கு மதிப்பெண் போடுவார்கள். புரட்டும் நேரத்தில் அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். புண்ணுக்குக் கட்டு மாற்றுவதற்கு முன்பே வலி மருந்து கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்கிய பிறகு தொடச் சொல்லுங்கள்.

அந்தப் புதிய நோய்

உங்கள் மாமியார் எதையும் மறைக்கவில்லை என்றே நான் கருதுகிறேன். ஸ்கிசோஃப்ரினியா பொதுவாகப் பதின்பருவத்தின் இறுதியிலிருந்து முப்பதுகள் வரையிலான வயதில் தலைகாட்டும் நோய். 30 ஆண்டுகள் தினமும் வேலைக்குப் போய், பிள்ளைகளை வளர்த்து, 80 வயதுக்கு அருகில் ஒருவருக்கு அது முதன்முறையாக வருவது மிக அரிது. இல்லாததைப் பார்ப்பதும் பிறர் மேல் சந்தேகப்படுவதும், அல்சைமர் போன்ற மறதி நோய்களைக் குறிக்கும் டிமென்ஷியாவிலேயே உண்டு. அதற்குத் தனியாக இன்னொரு நோயின் பெயர் தேவையில்லை.

அப்படியானால் அது கோப்பில் எப்படி வந்தது? 2005-இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை நிறுவனம், இப்படி அடக்கிவைக்கக் கொடுக்கப்படும் மனச்சிதைவு நோய்க்கான மருந்துகளை டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்குக் கொடுத்தால் இறப்பு அபாயம் ஏறத்தாழ 1.6 முதல் 1.7 மடங்காகிறது என்று தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. 2012-இல் இல்லங்களில் அந்த மருந்துகளைக் குறைக்கும் தேசிய முயற்சி தொடங்கியது. எந்த இல்லம் எத்தனை பேருக்குக் கொடுக்கிறது என்ற கணக்கு அதன் தர மதிப்பீட்டில் சேர்கிறது. ஆனால் ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இந்த ஒரு வாசல் திறந்திருந்ததால், அந்தப் பெயர் திடீரெனப் பலருடைய கோப்புகளில் ஏறியது. டிமென்ஷியா உள்ள கறுப்பினத்தவர்களிடம் மற்றவர்களைவிட அது அதிகமாக ஏறியது என்று 2021-இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. 2023 ஜனவரியில் கூட்டரசு, அதாவது அமெரிக்க மத்திய அரசு, இதற்கென்றே தணிக்கை தொடங்கியதாக அறிவித்தது. உங்கள் மாமியார் கோப்பிலும் இதுதான் நடந்தது என்று கோப்பைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. கேட்க வேண்டியதைச் சொல்கிறேன்: அந்த நோய் முதலில் எந்தத் தேதியில் எழுதப்பட்டது? மருந்து தொடங்கிய தேதிக்கு முன்பா, பின்பா? மனநல மருத்துவர் நேரில் பரிசோதித்தாரா? எந்த அறிகுறிகளை வைத்து முடிவு செய்தார்?

சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலச் சட்டப்படி இத்தகைய மருந்துகளுக்கு இல்லம் ஒப்புதல் பெற்றாக வேண்டும். உங்கள் கணவரிடமோ நாத்தனாரிடமோ யாரும் கேட்கவில்லை என்றால் அதுவே ஒரு மீறல். ஆனால் கோபத்தில் மருந்தை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். படிப்படியாக அளவைக் குறைத்துப் பார்க்க வேண்டும் என்று கூட்டரசு விதியே சொல்கிறது. வலி மருந்தைச் சரிசெய்துகொண்டே இதைக் குறைக்க வேண்டும்.

புண்ணும் நிறமும்

இதில் நானும் தவறியிருக்கிறேன். பயிற்சிக் காலத்தில் ஒரு கறுப்பின முதியவரின் குதிகாலை மங்கிய வெளிச்சத்தில் பார்த்துவிட்டு "சிவப்பு இல்லை" என்று எழுதினேன். சில நாளில் அங்கே தோல் பிரிந்தது. நான் படித்த பாடநூல்களில் படுக்கைப் புண்ணின் முதல் கட்டம் எப்போதும் வெள்ளைத் தோலின் மேல் சிவப்பு வட்டமாகவே இருந்தது. என் கையே கறுப்பு. என் தோலில் அந்த வட்டம் எப்படித் தெரியும் என்று அதுவரை ஒருமுறைகூட நான் யோசித்ததில்லை. கருந்தோலில் சிவப்பைத் தேடக் கூடாது. நல்ல வெளிச்சத்தில், சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ ஊதாவாகவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையால் தொட்டு, சூடு, குளிர்ச்சி, கெட்டித்தன்மை, கொழகொழப்பு இவற்றைத் தேட வேண்டும். குதிகால், இடுப்பின் இருபுறம், முதுகின் அடி ஆகிய இடங்களை நீங்களே ஒவ்வொரு வருகையிலும் தொட்டுப் பாருங்கள். கண்டதைத் தேதி போட்டு எழுதிவையுங்கள்.

இனப் பாகுபாடு என்றால் யார் செய்வது?

உதவியாளர்கள் கறுப்பினத்தவர்களாக இருக்கும்போது பாகுபாடு எப்படி என்று கேட்கிறீர்கள். பாகுபாட்டை ஓர் ஆளின் முகத்தில் தேடுவதால் வரும் குழப்பம் இது. குறைந்த கூலிக்கு, கையாளக் கூடியதைவிட அதிகமான பேரைக் கவனிக்கும் அந்தப் பெண்களும் இதே ஏற்பாட்டில் சிக்கியவர்கள்தான்.

இல்லங்கள் இரண்டு படித்தரமாகப் பிரிந்து கிடக்கின்றன. தனிப்பட்ட முறையில் பணம் கட்டுவோர் தருவதைவிட மெடிக்கெய்ட் தரும் தொகை குறைவு. ஏறக்குறைய மெடிக்கெய்டை மட்டுமே நம்பி ஓடும் இல்லங்களில் நர்ஸுகள் குறைவு, அரசுச் சோதனையில் பிடிபடும் குறைகள் அதிகம். முதியோர் இல்லங்களில் வாழ்ந்த கறுப்பினத்தவர்களில் 40 சதவீதம் பேர் 2000-ஆம் ஆண்டு வாக்கில் அத்தகைய கீழ்த்தர இல்லங்களில் இருந்தார்கள். அங்கே வாழ்ந்த வெள்ளையர்களில் 9 சதவீதம் பேர்தான். சிகாகோ போல இனவாரியாகக் குடியிருப்புகள் பிரிந்த நகரத்தில், மருத்துவமனை அவசரமாக வெளியே அனுப்பும்போது 'வீட்டுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது' என்று காட்டப்படும் இல்லம் எது என்பதை அந்தத் தெருக்களே முடிவு செய்துவிடுகின்றன. பழைய கதையும் ஒன்று உண்டு. 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தைக் காட்டி, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேரின் பணம் வேண்டுமானால் இனவாரியான தனித்தனி வார்டுகளை ஒழியுங்கள் என்று அரசு 1966-இல் மருத்துவமனைகளை வழிக்குக் கொண்டுவந்தது. முதியோர் இல்லங்களிடம் அந்த முனைப்பைக் காட்டவில்லை.

2011-இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று இதைத் தெளிவாக்கியது. படுக்கைப் புண் வரும் அபாயம் அதிகமுள்ளவர்களில், 2008-இல் கறுப்பினத்தவரில் 14.6 சதவீதம் பேருக்கும் வெள்ளையரில் 9.6 சதவீதம் பேருக்கும் புண் இருந்தது. கறுப்பினத்தவர் அதிகம் வாழும் இல்லங்களில் இருந்த வெள்ளையருக்கும் புண் அதிகமாகவே இருந்தது. ஆகவே எந்த உதவியாளர் மனத்தில் வெறுப்பு என்று தேடி உங்கள் ஆற்றலைச் செலவிடாதீர்கள். எந்த இல்லம், ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை பேர், கோப்பில் என்ன எழுதுகிறார்கள் என்பதைப் பிடியுங்கள்.

குழாயா, ஹாஸ்பிஸா

குழாய் பற்றி மருத்துவராக என் கருத்து தெளிவானது. முற்றிய டிமென்ஷியாவில் வயிற்றுக் குழாய் ஆயுளை நீட்டுவதாகச் சான்று இல்லை. உணவு மூச்சுப்பாதைக்குள் போவதால் வரும் நிமோனியாவைத் தடுப்பதில்லை. படுக்கைப் புண் அதிகமாகிறது. குழாயைப் பிடுங்காமலிருக்கக் கைகளைக் கட்டும் நிலையும் வரலாம். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-இல், குழாய் வேண்டாம், கையால் பொறுமையாக ஊட்டுங்கள் என்று பரிந்துரைத்தது. அப்படியிருந்தும், அதே 2014-இல் முற்றிய டிமென்ஷியா நிலையை அடைந்த வெள்ளையரில் 3.1 சதவீதம் பேருக்கும் கறுப்பினத்தவரில் 17.5 சதவீதம் பேருக்கும் குழாய் பொருத்தியிருந்தார்கள்.

இந்த எண்ணைப் பார்த்து, விவரம் தெரியாத குடும்பங்கள் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். உங்கள் நாத்தனாரின் வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள்: கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் விடுவது. அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் (சிஃபிலிஸ்) இருந்த சுமார் 400 கறுப்பின ஆண்களுக்கு அரசு மருத்துவர்கள் செய்தது அதைத்தான். பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நினைவு இருக்கிற வீட்டில், அம்மாவின் புண்ணைத் தாமதமாகக் கண்டுபிடித்த அதே இல்லம் "குழாய் பயனில்லை, ஹாஸ்பிஸ் நல்லது" என்றால், அது எப்படிக் காதில் விழும்? உங்கள் நாத்தனாரின் அவநம்பிக்கை நியாயமானது. அவர் கேட்கும் தீர்வு மட்டும் அம்மாவுக்கு உதவாது.

எனவே வரிசையை மாற்றுங்கள். குழாய் பற்றிய விவாதத்தை இப்போதைக்குத் தள்ளிவைத்து, இதுவரை கொடுக்கப்படாதவற்றை முதலில் கேட்டு வாங்குங்கள்: வலி மருந்து, புண்ணுக்கான தனி நிபுணரின் கவனிப்பு, நேரந்தவறாமல் புரட்டிவிடுதல், வாயையும் பல்லையும் பரிசோதித்தல், அடக்கும் மருந்தைக் குறைத்தல், விழித்திருக்கும் நேரத்தில் ஊட்டுதல். ஒருவேளை உணவை ஊட்டி முடிக்க அரை மணிக்கு மேல் ஆகும். ஆள் குறைந்த இல்லத்தில் அந்த அரை மணிதான் முதலில் வெட்டுப்படுகிறது. சில வாரங்கள் இப்படிப் பார்த்துவிட்டு, எடையையும் விழிப்பையும் வைத்து அடுத்ததைப் பேசலாம். தேறலாம், தேறாமலும் போகலாம். அதையும் நான் சொல்லியாக வேண்டும்.

ஹாஸ்பிஸ் என்றால் கைவிடுவது என்று உங்கள் கடிதத்தில் நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். நோய் தன் போக்கில் போனால் ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது என்று மருத்துவர்கள் கருதும்போது கிடைக்கும் மெடிக்கேர் வசதி அது. இல்லத்தை விட்டு வெளியேற வேண்டாம். தங்கும் செலவை மெடிக்கெய்ட் தொடர்ந்து தரும். கூடுதலாக ஒரு நர்ஸ், ஓர் உதவியாளர், வலிக்கான மருந்துகள் வரும். இன்னொரு ஜோடிக் கண்கள் வாரந்தோறும் அந்தப் புண்ணைப் பார்க்கும். வேண்டாமென்றால் எந்த நாளிலும் விலகிக்கொள்ளலாம். நாத்தனாரிடம் இதைச் சொல்லும்போது, அம்மாவுக்கு இதுவரை வராத ஆட்களும் மருந்தும் வருகின்றன என்று தொடங்குங்கள். அதுதான் உண்மையும்கூட.

உரிமைகளும் எச்சரிக்கைகளும்

புகார் சொன்னதற்காக வெளியேற்ற முடியாது. 1987-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் பழிவாங்கலைத் தடுக்கிறது. சட்டம் சொல்லும் சில காரணங்களுக்காக மட்டுமே வெளியேற்றலாம், பொதுவாக 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், மேல்முறையீடும் உண்டு. மெடிக்கெய்டில் இருப்பவர் என்பதற்காகக் கவனிப்பைக் குறைப்பதும் சட்ட விரோதம். ஆனால் சட்டம் ஒன்று, இரவு ஷிஃப்டில் நடப்பது வேறொன்று என்ற உங்கள் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அதனால் வேறு வேறு நேரங்களில் போய்ப் பாருங்கள். இல்லினாயில் 2016 முதல் அறையில் கேமரா வைக்கச் சட்டம் இடம் தருகிறது. அறைத்தோழியின் ஒப்புதலும் வேண்டும்.

கோப்பைக் கேட்டால் 24 மணி நேரத்துக்குள் காட்ட வேண்டும். விடுமுறை நாட்கள் இதில் சேராது. நகல் கேட்டால் இரண்டு வேலை நாட்களில் தர வேண்டும். எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். இல்லத்திலேயே தீரவில்லை என்றால் ஆம்புட்ஸ்மன் என்னும் குறைதீர்ப்பாளரை அழையுங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் உண்டு, கட்டணமில்லை, நீங்கள் சம்மதிக்காமல் உங்கள் பெயரை வெளியிட மாட்டார். அடுத்தது மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை. இன அடிப்படையிலான பாகுபாடு என்று கூட்டரசின் சுகாதாரத் துறைக்குள் உள்ள குடிமை உரிமை அலுவலகத்துக்குப் போவதானால் 180 நாட்களுக்குள் போக வேண்டும். புண் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். இழப்பீட்டு வழக்கு வேறு விஷயம். அதற்கு வழக்கறிஞர் வேண்டும்.

வேறு இல்லத்துக்கு மாற்றவும் உரிமை உண்டு. மெடிக்கேர் இணையதளத்தில் இல்லங்களுக்குத் தரும் தர நட்சத்திரங்களைவிட நர்ஸுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஆனால் இடம் மாறுவது டிமென்ஷியா நோயாளியை உலுக்கிவிடும். இந்தப் புண்ணோடு இந்த வாரமே மாற்றாதீர்கள். விண்ணப்பம் போட்டு வரிசையில் பெயரைப் பதிந்துவையுங்கள்.

கடைசியாக, நீங்கள். தனக்காக மருத்துவ முடிவெடுப்பவரை நியமிக்கும் மருத்துவ அதிகாரப் பத்திரத்தை மாமியார் தெளிவாக இருந்தபோது எழுதவில்லை என்றால், இப்போது எழுத முடியாது. கணவரை இழந்தவர் என்றால், இல்லினாய் சட்டப்படி முடிவெடுக்கும் உரிமை பிள்ளைகளுக்கு, சமமாக. உங்கள் கணவரும் நாத்தனாரும் ஒத்துப்போகாவிட்டால் எல்லாம் அப்படியே நிற்கும். பிள்ளைகள் இருக்கும்போது மருமகளுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் அடுத்த பராமரிப்புத் திட்டக் கூட்டத்தில் குடும்பம் உங்களை அழைத்துப்போகலாம். அங்கே உங்கள் நாத்தனாரை முதலில் பேச விடுங்கள். கூட்டத்தில் யாரைவிடவும் அம்மாவின் வாயை அறிந்தவர் அவர்தான். எந்த நேரத்தில், எந்தப் பக்கம் சாய்த்து உட்காரவைத்து, எத்தனை கரண்டி ஊட்டினார் என்பதை இன்றிலிருந்தே அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிவையுங்கள். அந்த நோட்டுப் புத்தகத்தின் நகலைக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். ஸ்கிசோஃப்ரினியா எழுதப்பட்ட தேதி கிடைத்ததும், கூட்டத்துக்கு முன்பே எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.